காண்டின்ஸ்கியின் ‘நீல மலை’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு அச்சுப்படம் மாட்டியிருக்கிறேன். ரஷ்ய ஓவியர் வாசிலி காண்டின்ஸ்கி 1908-09இல் வரைந்த ‘நீல மலை’. வருகிறவர்கள் காபி ஆறுவதற்குள் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவார்கள். சனிக்கிழமை படம் வரையக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேட்பார்கள், ஓவியம் பற்றிக் கொஞ்சம் படித்த நண்பர்கள் வேறு மாதிரி மடக்கிக் கேட்பார்கள். பத்து வருடமாகப் பதில் சொல்லியதில் பெரும்பாலும் அதே சுமார் இருபது கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன்.

இதுல என்ன வரைஞ்சிருக்கு? எனக்கு ஒண்ணும் புரியலையே.

உங்களுக்குப் புரிந்ததுதான் இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய நீல மலை. இரண்டு பக்கமும் இரண்டு மரங்கள், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. கீழே குதிரை மீது சிலரும் பக்கத்தில் சிலருமாக ஒரு கூட்டம் குறுக்கே போகிறது. இதற்கு மேல் ஒளித்துவைத்த கதை எதுவும் இல்லை. மூலப்படம் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 106 செ.மீ., அகலம் 96.6 செ.மீ. கிட்டத்தட்ட ஒரு சதுர ஜன்னல் அளவு.

கிட்டப் போய்ப் பாருங்கள். மலைக்கு வெயில் படும் பக்கம், நிழல் பக்கம் என்று பிரித்துக் காட்டவில்லை. கீழே இருக்கும் ஆட்களும் தரையும் தூரிகையை ஒற்றி ஒற்றி எடுத்தது போலப் புள்ளியும் திட்டுமாக இருக்கின்றன. முகங்களில் கண், மூக்கு என்று விவரம் எதுவும் வைக்கவில்லை. பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தேவையான அளவுக்கு மட்டும் உருவத்தை வைத்துவிட்டு, மிச்ச இடம் முழுவதையும் நிறத்துக்குக் கொடுத்துவிட்டார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மலை எங்கேயாவது இப்படி நீலமா இருக்குமா? இது ஊட்டியா?

நீலகிரிக்கும் இந்தப் படத்துக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. தூரத்து மலை உண்மையிலேயே நீலமாகத்தான் தெரியும். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று, வெளிச்சத்தில் உள்ள நீலப் பகுதியை மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது. மலைத்தொடர் விலக விலக நீலமும் வெளிறிக்கொண்டே போகும்.

காண்டின்ஸ்கியின் நீலம் வெளிறவில்லை. அடர்த்தியாக, பக்கத்து மரத்துக்கு ஈடான பலத்தோடு நிற்கிறது. கண் ஏற்கெனவே நம்பும் ஒன்றை எடுத்துக்கொண்டு, தூரம் என்ற காரணத்தை மட்டும் கழற்றிவிட்டார். அதனால்தான் இந்த மலை ‘பொய்’ என்று தோன்றுவதில்லை. மலை பச்சை என்று புத்தியால் திருத்திக்கொள்ளவும் முடிவதில்லை.

சரி, மரம் ஏன் மஞ்சளா, சிவப்பா இருக்கு? இலையுதிர் காலமா?

அப்படி வைத்துக்கொண்டால் தப்பில்லை, அந்த ஊரில் இலையுதிர் காலத்தில் மரங்கள் அப்படி ஆகும். ஆனால் அந்த விளக்கம் கிடைத்ததும் நாம் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். மஞ்சள் மரத்தைக் கையால் மறைத்துவிட்டு மலையைப் பாருங்கள். கையை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். மரம் திரும்பி வரும்போது மலையின் நீலம் கொஞ்சம் இறுகுவது போல இருக்கும்.

பிள்ளைகளுக்கு இதை கலர் பேப்பரில் செய்து காட்டுவேன். ஒரே மஞ்சள் தாளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வெள்ளைத் தாளிலும் இன்னொன்றை அடர்நீலத் தாளிலும் ஒட்டுவோம். வெள்ளையில் ஒட்டியது சோகையாகிவிடும், நீலத்தில் ஒட்டியது பல்பு போட்டது போல எரியும். ஒருதடவை ஒரு பெண் குழந்தை, நான் ஏமாற்றி வேறு மஞ்சளை ஒட்டிவிட்டேன் என்று சண்டைக்கே வந்துவிட்டாள். இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானாள். நிறத்துக்குத் தனிக்குணம் பாதி, பக்கத்து வீட்டுக்காரர் தரும் குணம் பாதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல கேள்விகளுக்கு இதுதான் பதில்.

இவர் யாரு? சின்ன வயசுலயிருந்தே ஓவியரா?

இல்லை. 1866இல் மாஸ்கோவில் பிறந்து, ஒடெஸாவில் வளர்ந்தவர். மாஸ்கோவில் சட்டமும் பொருளாதாரமும் படித்தார். 1896இல், முப்பது வயதை நெருங்கும்போது, டோர்பாட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓவியம் கற்க ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்கு ரயிலேறினார்.

அதற்குமுன் மாஸ்கோவில் நடந்த பிரெஞ்சு ஓவியக் கண்காட்சியில் மோனேயின் வைக்கோற்போர் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அது வைக்கோற்போர் என்று பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்தது. பார்த்தவுடனே தெரியவில்லையே என்று எரிச்சல்கூட வந்ததாம். ஆனால் படம் மனத்தை விட்டுப் போகவில்லை. ‘ஒண்ணும் புரியலையே’ என்று முதல் கேள்வி கேட்டவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். அவரும் அங்கிருந்துதான் தொடங்கினார்.

முர்னாவ் முர்னாவ்னு சொல்றீங்களே, அந்த ஊர்ல அப்படி என்ன?

மியூனிக்குக்குத் தெற்கே சுமார் 70 கி.மீ. தூரத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். 1908 கோடையில் காண்டின்ஸ்கியும் அவரிடம் படித்து அவருக்குத் துணையாகிவிட்ட ஓவியர் கப்ரியேலே மூன்டரும் அங்கே போனார்கள். கூடவே யாவ்லென்ஸ்கி, மரியான்னே வெரெஃப்கின் என்ற இரண்டு ரஷ்ய ஓவியர்களும். நால்வரும் ஒரே தெருவை, ஒரே மலையைப் பக்கத்துப் பக்கத்தில் நின்று வரைந்தார்கள். பெரும்பாலும் சின்ன அட்டைகளில், ஒரே மூச்சில். 1909இல் மூன்டர் அங்கே வீடே வாங்கிவிட்டார். ஊர்க்காரர்கள் அதை ‘ரஷ்யர் வீடு’ என்றார்கள்.

அந்த ஊரில் இரண்டு விஷயங்கள் இவர்களைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வெளிச்சம். ஆல்ப்ஸிலிருந்து உலர்ந்த வெப்பக் காற்று இறங்கும் நாட்களில் ஈரப்பதம் போய், தூரத்து மலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பது போலத் தெரியும். நிறங்கள் கத்தியால் வெட்டியது போல இருக்கும். இன்னொன்று அந்த வட்டாரத்தின் கண்ணாடி ஓவியம். கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கம் பார்ப்பது. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களைப் பார்த்தவர்களுக்கு முறை புரியும். கோடும் நுணுக்கமும் முதலில், பின்னணி கடைசியில். மேலே திருத்த வழி கிடையாது. அதனால் தடித்த கோடு, கலக்காத பளிச்சென்ற நிறம். மூன்டரும் காண்டின்ஸ்கியும் அதைச் சேகரித்தார்கள், தாங்களும் செய்து பழகினார்கள். இயற்கையைப் பார்த்துப் படியெடுப்பதிலிருந்து அதன் சாரத்தை மட்டும் எடுத்துத் தருவதற்கு அங்கேதான் தாவினேன் என்று மூன்டர் பிறகு எழுதினார். காண்டின்ஸ்கிக்கும் அது பொருந்தும். மூன்டரின் பெயர் இந்தக் கதையில் அடிக்குறிப்பாகவே வருவது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல்.

படத்தைச் சாய்ச்சு வச்சுப் பார்த்தாராம், உடனே அரூப ஓவியம் பிறந்துச்சாம். உண்மையா?

அரூபம் என்றால் மலை, மரம் என்று அடையாளம் காட்டும் பொருள் எதுவும் இல்லாமல் நிறமும் வடிவமும் மட்டுமே உள்ள ஓவியம். அவரே 1913இல் எழுதிய நினைவுக் குறிப்பில் சொல்வது இது. மியூனிக்கில் ஒரு மாலை. பொழுது சாய்கிற நேரம் வெளியே வரைந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். உள்ளே நுழைந்ததும் சுவரோரம் ஒரு படம், உள்ளிருந்து ஒளி வீசுகிறது. என்ன வரைந்திருக்கிறது என்று தெரியவில்லை, நிறமும் வடிவமும் மட்டும் தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அவருடைய படம்தான், பக்கவாட்டில் சாய்த்துவைத்திருக்கிறது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது அந்த மாயம் வரவில்லை. சாய்த்து வைத்தும் பார்த்தார், பொருட்கள் அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தன. பொருட்கள்தான் என் படங்களைக் கெடுக்கின்றன என்று முடிவுக்கு வந்தார்.

இதில் என்னைக் கவர்வது சாய்ந்த படமல்ல, அந்தி நேரம். வெளிச்சம் குறையும்போது நம் கண் வேறு வகைச் செல்களுக்கு மாறுகிறது. அவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலமும் பச்சையும் ஒப்பளவில் பளிச்சென்று தெரியும். செக் நாட்டு அறிவியலாளர் பூர்கின்யே இதைப் பூக்களை வைத்தே கவனித்தார். சாயங்காலம் ஆறரை மணிக்கு மாடியில் ஒரு செம்பருத்திச் செடியைப் பாருங்கள். பகலில் முதலில் கண்ணில் படும் பூ கறுத்துப் போயிருக்கும், இலை வெளுத்துத் தெரியும். அன்றைக்கு காண்டின்ஸ்கியின் படத்தில் இருந்த நீலங்களும் அப்படி மேலெழுந்திருக்கலாம் என்பது என் ஊகம். மற்றபடி, ஒரே மாலையில் எதுவும் பிறக்கவில்லை. அதற்கப்புறமும் வருடக்கணக்கில் மலையும் கோயிலும் வரைந்துகொண்டுதான் இருந்தார்.

மஞ்சள்னா சந்தோஷம், நீலம்னா சோகம், சிவப்புன்னா கோபம். அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். அவ்வளவுதான் இல்லை.

1911 டிசம்பரில் வெளிவந்த ‘கலையில் ஆன்மிகம் பற்றி’ என்ற நூலில் காண்டின்ஸ்கி நிறங்களைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் மஞ்சள் சந்தோஷமானதல்ல. பார்ப்பவரை நோக்கிப் பாய்கிற, தொந்தரவு செய்கிற, மண்ணோடு ஒட்டிய நிறம். மனித மனத்தில் அதற்கு ஈடு தேடினால் வெறிபிடித்த நிலைக்குப் போகிறார். நீலம் சோகமல்ல. உள்ளே ஒடுங்குகிற, விலகிப் போகிற, எல்லையற்றதை நோக்கி ஆளை அழைக்கிற வானத்தின் நிறம். கறுப்பை நோக்கி இறங்கும்போதுதான் அதில் துயரம் சேர்கிறது. பச்சையில் எல்லா இழுபறியும் அடங்கிவிடும், ஆனால் அதை அமைதி என்று அவர் கொண்டாடவில்லை. தின்று கொழுத்து அசையாமல் படுத்திருக்கும் பசுவோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்கிறார். வெள்ளையும் கறுப்பும் இரண்டுமே மௌனம். வெள்ளை, இனி ஏதோ தொடங்கப்போகும் மௌனம். கறுப்பு, எல்லாம் முடிந்த மௌனம்.

கவனியுங்கள், இவையெல்லாம் உணர்ச்சியின் பெயர்கள் இல்லை. பாய்தல், விலகுதல், ஒடுங்குதல், அடங்குதல் என எல்லாமே அசைவுகள். உணர்ச்சி அந்த அசைவிலிருந்து நமக்குள் வருகிறது.

அப்போ அந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணிக்கிட்டா படம் புரிஞ்சுடுமா?

புரியாது. முதலில், படம் முந்தியது, புத்தகம் பிந்தியது. ‘நீல மலை’யை வரைந்துவிட்டு, அதுபோன்ற பல படங்களில் கை பழகிய பிறகுதான் அவர் எழுதினார். விடைத்தாளைப் பார்த்துக் கேள்வியைப் படிப்பது போலாகிவிடும்.

இரண்டாவது, பக்கத்தில் இருந்தவர்களே ஒத்துக்கொள்ளவில்லை. அவருடன் ‘நீலக் குதிரைவீரன்’ என்ற ஓவியர் குழுவை நடத்திய ஃபிரான்ஸ் மார்க், 1910 டிசம்பரில் ஓவிய நண்பர் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் வேறு கணக்கு வைத்திருந்தார். நீலம் ஆண்தன்மை, மஞ்சள் மென்மையும் மகிழ்ச்சியும் கொண்ட பெண்தன்மை, சிவப்பு கனமான ஜடப்பொருள். காண்டின்ஸ்கிக்குத் தொந்தரவு செய்யும் மஞ்சள், மார்க்குக்கு இதமான மஞ்சள். இரண்டு பேரும் நெருங்கிய நண்பர்கள், ஒரே ஊர்ப்பக்கம்.

மூன்றாவது, 1923இல் வைமாரில் இருந்த பௌஹௌஸ் கலைப்பள்ளியில் அவர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றுக்கும் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் பொருத்தச் சொன்னார். மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம் என்பதுதான் அங்கே பெரும்பான்மை. அவர் அப்போது அங்கே ஆசிரியர் என்பதை மறந்துவிட வேண்டாம். பின்னால் வெளி ஆட்களிடம் இதையே சோதித்துப் பார்த்தபோது அதே விடை அப்படியே வரவில்லை. என்னைக் கேட்டால், அவருடைய எழுத்தில் ஆகப் பலவீனமான பகுதி அந்த அட்டவணைதான். ஆகப் பலமான பகுதி, நிறம் நகர்கிறது என்று அவர் கண்டுகொண்டது.

நீலம் பின்னால போகுது, மஞ்சள் முன்னால வருதுன்னா என்னங்க அர்த்தம்? ரெண்டும் ஒரே துணியிலதானே இருக்கு?

ஒரே துணிதான். நகர்வது நம் கண்ணில். இதைக் காண்டின்ஸ்கி கண்டுபிடிக்கவில்லை, நூறு வருடம் முன்பே, 1810இல் ஜெர்மன் கவிஞர் கதே எழுதிவைத்துவிட்டார். கொஞ்சம் உடற்கூறும் உண்டு. கண்ணின் வில்லை எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. சிவப்புக்குச் சரியாகக் குவிந்திருக்கும்போது நீலம் லேசாகப் பிசகியிருக்கும். அதோடு, வெளிச்சமான நிறம் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். தூரத்து மலை நீலம் என்ற ஆயுட்கால அனுபவமும் சேர்ந்துகொள்கிறது.

இப்போது படத்துக்கு வாருங்கள். மஞ்சள் மரமும் சிவப்பு மரமும் முன்னால் வருகின்றன, நீலம் பின்வாங்குகிறது. பாதை சிறுத்துக்கொண்டே போவது, கோடுகள் ஒரு புள்ளியில் சேர்வது என்ற பழைய வித்தை எதுவும் இல்லாமலே ஆழம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மலை அளவில் பெரியது, நடுவில் நிற்பது, நிறத்திலும் அடர்த்தி. அதனால் போகவும் மாட்டேன் என்கிறது. போவதும் வருவதுமாக அந்த இழுபறி ஓயவே இல்லை. இந்தப் படத்தைப் பார்க்கும்போது காரணம் தெரியாமல் ஒரு பரபரப்பு வருகிறது என்று சிலர் சொல்வார்கள். காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அவருக்கு நிறத்தைப் பார்த்தா சத்தம் கேக்குமாமே?

அவர் எழுதியதைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். வெளிர் நீலம் புல்லாங்குழல், அடர்நீலம் செல்லோ, இன்னும் அடர்ந்தால் ஆர்கன், நடுத்தரப் பச்சை வயலினின் அமைதியான நடு ஸ்வரங்கள், உச்சத்துக்குப் போகும் மஞ்சள் காது கிழியும் எக்காளம். நிறம் பியானோவின் கட்டை, கண் சுத்தியல், மனம் தந்திகள் என்ற புகழ்பெற்ற உவமையும் அவருடையதுதான். உண்மையிலேயே புலன்கள் கலந்து உணரும் இயல்பு அவருக்கு இருந்ததா, உவமைக்காகச் சொன்னாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

இசை அவரை எப்படி உலுக்கியது என்பதற்கு ஒரு படமே சாட்சி. 1911 ஜனவரித் தொடக்கத்தில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சியைக் கேட்டார். வீட்டுக்கு வந்து ‘இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)’ வரைந்தார். பியானோ ஒரு கறுப்புத் திட்டு. கேட்பவர்கள் வளைகோடுகள். மிச்சம் முழுக்க வெள்ளமாக மஞ்சள். மேலே மஞ்சள் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். அந்த மஞ்சள் கறுப்பை எங்கே தொடுகிறது என்று பார்த்தால் இன்னும் நல்லது.

இதுல ஆன்மிகம் எங்க வருது? அவர் சாமி கும்பிடுறவரா?

ரஷ்ய மரபுவழிக் கிறிஸ்தவர். ஆனால் அவர் நூலின் தலைப்பில் இருக்கும் ஜெர்மன் சொல் நம் ‘ஆன்மிகம்’ போலக் கோயில் வாசலில் நிற்பதில்லை, அறிவு, மனம், ஆன்மா எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும். கண்ணுக்குத் தெரியும் பொருளே எல்லாம் என்ற எண்ணத்துக்கு எதிர்ச்சொல் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தில் வந்துவிடலாம்.

இதில் நம் பக்கத்து முகவரி ஒன்றும் வருகிறது. அந்த நூலில் அவர் பிரம்மஞான சபையையும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கியையும் குறிப்பிடுகிறார். சபையின் தலைமையகம் சென்னை அடையாறு. 1907இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற அன்னி பெசன்ட், லெட்பீட்டரோடு சேர்ந்து எழுதிய ஒரு நூலில் எந்த எண்ணத்துக்கு என்ன நிறம், என்ன வடிவம் என்று வண்ணப்படங்களோடு காட்டியிருந்தார். அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு காண்டின்ஸ்கியிடம் இருந்தது. அதனால் எல்லாம் அடையாற்றிலிருந்துதான் போனது என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ரஷ்யத் திருவுருவப் படங்கள், கதே, மோனே, முர்னாவின் கண்ணாடி என்று அந்தத் தட்டில் பல பண்டங்கள் உண்டு.

அப்போ ‘நீல மலை’ அரூப ஓவியமா, இல்லையா?

கறாராகச் சொன்னால் இல்லை. மலை மலையாகத் தெரிகிறது, மரம் மரமாகத் தெரிகிறது. அரூபத்துக்குப் போகும் வழியில் பாதித் தூரம்.

மீதித் தூரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரே கோயிலை மூன்று வருட இடைவெளியில் பாருங்கள். முர்னாவில் புனித நிக்கோலாஸ் தேவாலயம் இருக்கிறது. 1910இல் வரைந்த ‘தேவாலயத்துடன் முர்னாவ்’ படங்களில் அதன் கோபுரம் மேல்நோக்கி நீண்டிருக்கிறது, வீடுகள் நிறத் திட்டுகளாகிவிட்டன. இருந்தாலும் ஊர் என்று சொல்லிவிடலாம். 1913இல் ‘சிவப்புப் புள்ளிகளுடன் நிலக்காட்சி’ என்று இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்று ஜெர்மனியின் எஸ்ஸனிலும் இன்னொன்று வெனிஸிலும் இருக்கின்றன. அதே கோபுரம்தான், ஆனால் யாராவது சொன்னால்தான் தெரியும். நிறங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி வழிந்து, மலை எது வானம் எது என்று பிரிக்க முடியாமல் கலந்துவிடுகின்றன. முதலில் 1910ஐப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் பழைய தெரு வழியாக இருட்டில் நடப்பது போல இருக்கும்.

பொருள்தான் படத்தைக் கெடுக்குதுன்னா நேரா விட்டுட வேண்டியதுதானே? ஏன் இத்தனை வருஷம்?

பயம்தான். அதை மறைக்கவும் இல்லை. உருவத்தைச் சட்டென்று அறுத்துவிட்டு வெறும் நிறத்தையும் வடிவத்தையும் வைத்தால், கழுத்துப்பட்டையிலும் கம்பளத்திலும் இருக்கும் அலங்காரம் போல ஆகிவிடும் என்று தன் நூலிலேயே எச்சரித்தார். அழகாக இருக்கும், ஆனால் எதுவும் செய்யாது.

நியாயமான பயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘நீல மலை’யில் நீலம் ஏன் நம்மை அசைக்கிறது? அது மலை என்று தெரிவதாலும்தான். மலைக்கு என்று நமக்குள் ஒரு கனம் இருக்கிறது. அந்தக் கனத்தை நிறத்துக்குக் கடன் கொடுக்கிறோம். கடன் இல்லாமல் நிறம் தன் காலில் நிற்க என்ன செய்வது என்று கண்டுபிடிக்க அவருக்கு அத்தனை காலம் தேவைப்பட்டது. இடையில் உருவங்களை மறைத்து மறைத்து வைத்தார்.

உலகத்தோட முதல் அரூப ஓவியர் இவர்தானா?

பாடநூல்கள் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லின. இப்போது சொல்வது கடினம். ஸ்வீடனின் ஹில்மா அஃப் கிளின்ட் 1906இலேயே அரூபமாக வரையத் தொடங்கிவிட்டார். தான் இறந்து இருபது வருடம் கழியும்வரை அவற்றைக் காட்டக்கூடாது என்று சொல்லிவைத்ததால் உலகத்துக்குத் தெரியவில்லை. காண்டின்ஸ்கியின் ‘முதல் அரூப நீர்வண்ணம்’ என்று சொல்லப்படும் படத்தில் 1910 என்று இருக்கிறது, ஆனால் அது 1913ஐச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் ஹில்மா, காண்டின்ஸ்கி, இன்னொரு அரூப முன்னோடியான டச்சு ஓவியர் மோன்ட்ரியான் மூவரும் இறந்தது ஒரே வருடம், 1944.

என் பையன் இதைவிட நல்லா வரைவான்.

கேள்வி இல்லை, ஆனாலும் வாரம் ஒருதடவை கேட்கிறேன். காண்டின்ஸ்கிக்கு இது வசையாகவே படாது. அவரும் மூன்டரும் குழந்தைகள் வரைந்த படங்களைச் சேகரித்தவர்கள். 1912இல் மார்க்கோடு சேர்ந்து தொகுத்த ‘நீலக் குதிரைவீரன்’ இதழ்நூலில் குழந்தைகளின் படங்களையும் சேர்த்தார்.

வித்தியாசம் எங்கே என்றால், 1913இல் ‘காம்பொசிஷன் 7’ என்ற பெரிய படத்தை நான்கே நாளில் முடித்தார். அதற்குமுன் முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் போட்டிருந்தார். உங்கள் பையன் அந்த முப்பதைப் போட மாட்டான், போடவும் வேண்டாம். சனிக்கிழமை அனுப்பிவையுங்கள்.

இதுக்கா இவ்வளவு விலை?

‘நீல மலை’ விற்பனைக்கு இல்லை. விலை பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் 2023 மார்ச்சில் லண்டனில் ஏலம் போன ‘தேவாலயத்துடன் முர்னாவ் 2’ பற்றிக் கேள்விப்பட்டவர்கள். 3.72 கோடி பவுண்டு. அதுவரை எந்தக் காண்டின்ஸ்கி படமும் ஏலத்தில் அவ்வளவுக்குப் போனதில்லை.

அந்தத் தொகையைவிட அந்தப் படம் நடந்து வந்த வழி முக்கியம். அது ஜெர்மனியில் ஸ்டெர்ன் என்ற யூதத் தம்பதியின் வீட்டுச் சுவரில் இருந்தது. கணவர் இறந்த பிறகு, நாஜிகளிடமிருந்து தப்பி நெதர்லாந்துக்குப் போன மனைவி ஜோஹன்னா மார்கரெட், 1944இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். படம் கைமாறி 1951இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர அருங்காட்சியகத்துக்கு வந்தது. வாரிசுகள் கேட்டு, 2022இல் திரும்பக் கொடுக்கப்பட்டது. மியூனிக்கில் இன்று இருக்கும் காண்டின்ஸ்கி படங்களின் பெரும் தொகுப்பு மிஞ்சியதற்குக் காரணம் மூன்டர். 1914இல் போர் வந்ததும் காண்டின்ஸ்கி ரஷ்யர் என்பதால் ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பிறகு வேறொருவரை மணந்தும் கொண்டார். விட்டுப்போன படங்களை நாஜிக் காலம் முழுக்க முர்னாவ் வீட்டு நிலவறையில் ஒளித்துவைத்திருந்த மூன்டர், 1957இல் தன் எண்பதாவது வயதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பிரிண்ட் வாங்கினா நிறம் சரியா இருக்குமா? போன்ல பார்த்தா போதாதா?

நான் முதலில் வாங்கிய அச்சில் மலை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கடைக்காரர் மூலப்படமே அப்படித்தான் என்று சாதித்தார். திருப்பிக் கொடுக்க முடியவில்லை, பரணில் கிடக்கிறது. இப்போது மாட்டியிருப்பது இரண்டாவது. அதையும் ஜன்னலுக்கு எதிரில் மாட்டிய முட்டாள்தனத்தால் மூன்று வருடத்தில் சிவப்பு மரம் வெளுத்து, மலை மட்டும் அப்படியே நிற்கிறது. கலர் பேப்பர் விஷயத்தில் சொன்னதுபோல, ஒன்று மாறினால் எல்லாம் மாறும். மரம் அடங்கியதும் மலையும் ஏதோ சோர்ந்தது போலாகிவிட்டது.

போனில் பார்ப்பதாக இருந்தால், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை நிறுத்திவிட்டு, அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பாருங்கள். அளவு கிடைக்காது. மூலப்படம் ஜன்னல் அளவு என்பதால் கிட்டத்தில் நின்றால் நீலம் பார்வையை நிறைக்கும். கைக்குள் அடங்கும் மலைக்கு அந்த வேலை தெரியாது.

பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலை. என்கிட்ட ஏதாவது கோளாறா?

இல்லை. எனக்கும் ‘காம்பொசிஷன்’ வரிசையில் சில படங்கள் இன்றுவரை ஒட்டவில்லை. ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் பத்து விநாடி. மேலே சொன்ன கையால் மறைக்கும் சோதனையைச் செய்ய ஐந்து நிமிடம் வேண்டும். விளக்கைப் போடாமல் அந்தியில் ஒருதடவை பாருங்கள், சிவப்பு மரம் முதலில் காணாமல் போகும். அதற்கப்புறமும் ஒன்றும் தோன்றாவிட்டால் வேறு படம் பார்க்கலாம், நிறைய இருக்கின்றன.

அந்தக் குதிரைக்காரங்க எங்க போறாங்க?

மாதம் ஒருதடவை வரும் பெரியப்பா கேட்பது. நிறம், உணர்ச்சி எதுவும் அவருக்கு வேண்டாம். அவர் கவலை அந்த ஆட்கள்.

படத்தில் அவர்களுக்கு ஊர் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து வந்து இன்னொரு பக்கம் போகிறார்கள். ஆனால் காண்டின்ஸ்கியின் மற்றப் படங்களில் அவர்களைப் பின்தொடர முடியும். 1903இல் ஒரு புல்வெளியில் தனியாகப் பாய்ந்த குதிரைவீரன், இங்கே கூட்டத்தோடு போகிறான். 1911இல் வரைந்த ‘லிரிக்கல்’ படத்தில் குதிரையும் ஆளும் சேர்ந்து நாலைந்து கோடுகளாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு கோடும் மிச்சமில்லை. 1930இல் ஒரு கடிதத்தில், முன்பு குதிரையை நேசித்தது போல இப்போது வட்டத்தை நேசிக்கிறேன் என்று எழுதினார். இதைச் சொன்னபோது பெரியப்பா எழுந்து படத்தின் கிட்டே போய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “அப்போ குதிரையெல்லாம் என்னாச்சு?” என்றார்.